நிலா பார்த்து விதைக்கலாமா?

முள்ளங்கி விதையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கே போடலாமா, தேய்பிறை வரட்டுமா?" என்று கேட்கும் நண்பர்கள் அதிகம். இயற்கை வேளாண்மைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் ரொம்பவே குழம்பிப் போகிறார்கள். இரண்டு வேறு கணக்குகளை ஒன்றாக்கிப் பேசுவதுதான் காரணம்.

முதல் கணக்கு பிறை. அமாவாசை முதல் பௌர்ணமி வரை வளர்பிறை, பிறகு தேய்பிறை. ஒரு சுற்று சுமார் 29.5 நாள். மண்ணுக்கு மேலே காய்க்கிற வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கு வளர்பிறையில். மண்ணுக்குள் விளைகிற முள்ளங்கி, சேனை, சர்க்கரைவள்ளி தேய்பிறையில் என்பது வழக்கம்.

இரண்டாவது கணக்கு நட்சத்திரம். நிலா 27 நட்சத்திரங்களையும் சுமார் 27.3 நாளில் கடக்கிறது. ரோகிணி, பூசம், உத்திரம், திருவோணம் உள்ளிட்ட 9 மேல்நோக்கு. பரணி, மகம், மூலம் உள்ளிட்ட 9 கீழ்நோக்கு. மீதி 9 சமநோக்கு. தினசரி காலண்டரிலேயே போட்டிருப்பாங்க. தேய்பிறையிலும் மேல்நோக்கு நாள் வரும் என்பதால் இரண்டு கணக்கும் அடிக்கடி முரண்படும்.

ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924-இல் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்த உயிராற்றல் வேளாண்மையில் இன்னொரு விதி உண்டு. வானத்தில் நிலாவின் பாதை நாளுக்கு நாள் தாழ்ந்துவரும் இரண்டு வாரத்தில்தான் எந்த நாற்றையும் நடச் சொல்கிறார்கள், தக்காளி உட்பட. நம்ம வழக்கத்தில் தக்காளிக்கு மேல்நோக்கு நாள். இரண்டையும் கலந்தால் நட நாள் சொற்பமாகத்தான் கிடைக்கும்.

கடலைப் பொங்க வைக்கிற நிலா மண்ணின் ஈரத்தையும் இழுக்கும் என்று விளக்கம் சொல்வாங்க. ஆனால் அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்குமே கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும். மீனவர்களைக் கேட்டால் தெரியும். அப்புறம் வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் அதில் என்ன வேறுபாடு? ஒளிதான் காரணம் என்றால், முழு நிலவின் ஒளி சூரிய ஒளியில் சுமார் 4 லட்சத்தில் ஒரு பங்குதான்.

நிலா கண்ணுக்குத் தெரிந்து வேலை செய்யும் இடம் விளக்குப்பொறி. பௌர்ணமியை ஒட்டி அதில் விழும் அந்துப்பூச்சி குறையும், அமாவாசையை ஒட்டிக் கூடும். பௌர்ணமி வாரத்தில் பொறி காலியாக இருப்பதைப் பார்த்து பூச்சி போச்சு என்று இருந்துவிடாதீர்கள். செடியைப் புரட்டி முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறைக்காகக் காத்திருந்து ஈரத்தை விட்டவன் நான். ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. மானாவாரி நிலம், தேய்பிறை; அவரையும் கொத்தவரையும் போட வளர்பிறை வரட்டும் என்று ஒன்பது நாள் இருந்தேன். காற்று மேல்மண்ணை உலர்த்திவிட்டது. வளர்பிறையில் போட்ட விதையில் பாதிகூட முளைக்கவில்லை. பட்டமும் ஈரமும் முதலில். கிணற்றுப் பாசனம் இருந்து நாள் கையிலிருந்தால் பிறை பாருங்கள், தப்பில்லை.

நம்பவும் வேண்டாம், கேலியும் வேண்டாம், உங்கள் நிலத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒரே காயிலிருந்து எடுத்த வெண்டை விதை வேண்டாம், பல காய் விதையைக் கலந்து 100 எண்ணி எடுங்கள். ஒரே பாத்தியை இரண்டாக்கி, 50 விதை வளர்பிறையில், 50 விதை அடுத்த தேய்பிறையில். இரண்டுக்கும் ஒரே அளவு பீஜாமிர்தம், ஒரே தண்ணீர். எட்டாம் நாள் முளைப்பை எண்ணுங்கள், காயை எடை போடுங்கள். மழை பெய்த நாளையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் 15 நாள் இடைவெளியில் வானிலையே மாறியிருக்கும். அதனால் ஒருமுறை பார்த்தது கணக்கில்லை. நாலு சுற்றாவது போட்டுப் பார்த்துவிட்டு நோட்டோடு வாங்க, பேசுவோம்.