முதலில் வாட்டம், பிறகுதான் கல்

ஜனக்புரி சமதரை. டெல்லியின் ரிட்ஜ் மேடு இங்கிருந்து கிழக்கே தள்ளியிருக்கிறது. நம் காலடியில் இருப்பது ஆறு கொண்டுவந்து பரப்பிய வண்டல் மண். மேடுபள்ளம் இல்லாத மனையில் தண்ணீர்த் தொல்லை குறைவாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் காலனியில் பல மழைக்காலங்களைப் பார்த்து, வீட்டின் முன்கட்டையும் பின்கட்டையும் பிரித்துப் புதிதாகப் போடும் வேலையில் கூடவே நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இயற்கையாகச் சரிவு இல்லாத இடத்தில், தண்ணீர் ஓட வேண்டிய ஒவ்வொரு அங்குல வாட்டத்தையும் நாம்தான் உண்டாக்க வேண்டும்.

டெல்லியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சென்னையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2024 ஜூன் 28 அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் பதிவானது. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் அந்த மழை விழுந்தால் ஏறத்தாழ 22,800 லிட்டர். ஒரே நாளில் ஒரு வீட்டு மாடியிலிருந்து மட்டும் இவ்வளவு இறங்குகிறது.

இறங்கிய தண்ணீர் தெருவோரக் கால்வாய் வழியாக நஜஃப்கர் நாலா என்ற பெரிய வடிகாலைச் சேர்ந்து, வஜீராபாத் அருகே யமுனையில் கலக்க வேண்டும். 2023 ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. ஆறே நிரம்பி நிற்கும்போது நாலாக்கள் எங்கே வடியும்? நகரத்தின் வடிகால்கள் பெரும்பாலும் 1976-இல் போட்ட திட்டத்தின்படி அமைந்தவை. அதன் பிறகு காலனிகள் எவ்வளவு பெருகின என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, தெருக் கால்வாய் எந்த நேரமும் நம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் என்று நம்பி வீட்டுத் தரையைத் திட்டமிடக் கூடாது.

மட்டம் பார்க்காமல் கல் வாங்காதீர்கள்

எங்கள் முன்கட்டுக்குக் கல் பதித்தவர் மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து வந்த மிஸ்திரி. கோட்டா கல் வந்து இறங்குவதற்கு முன்பே, கண்ணாடி போன்ற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு முனையைத் தெருக் கால்வாயின் விளிம்பில் அவர் மகன் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பின்கட்டுச் சுவரோரம் கொண்டுபோய், குழாயில் தண்ணீர் அசையாமல் நின்றதும் சுவரில் பென்சிலால் கோடு கிழித்தார். “வெளியே தண்ணி எந்த மட்டத்துல நிக்கும்னு முதல்ல தெரியணும் சாப். உள்ளே என்ன போடறதுன்னு அப்புறம் பேசலாம்” என்றார். வேலை முழுவதும் அந்தக் கோட்டை வைத்துத்தான் நடந்தது.

ஜனக்புரியில் இது இன்னும் முக்கியம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடும்போதெல்லாம் சாலை உயர்கிறது. படியேறிப் போன பழைய வீடுகள் சில, இன்று படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. சாலையின் இன்றைய மட்டத்தோடு இன்னும் சில அங்குலம் கூட்டி வைத்துக்கொண்டு உங்கள் தரை மட்டத்தை முடிவு செய்யுங்கள்.

கல் பதித்த தரைக்குப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் போதும். நடக்கும்போது தெரியாது, தண்ணீர் நிற்காது. சொரசொரப்பான கல்லுக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். வாட்டம் எப்போதும் வீட்டுச் சுவரை விட்டு விலகியே போக வேண்டும். பளபளப்பாக்கிய கோட்டா கல்லை வெளியில் போடாதீர்கள். ஈரம் பட்டால் வழுக்கும். மழையில் நனையும் இடத்துக்குச் சொரசொரப்பான முகம் உள்ள கல்லே சரி.

மண்ணை முழுதாக மூடாதீர்கள்

முன்கட்டில் ஒரு சாண் மண்கூடத் தெரியாமல் சிமெண்ட் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். முதல் பெருமழையில் விழும் தண்ணீர் அத்தனையும் தெருவுக்கு ஓடும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரும். வண்டி ஏறாத இடங்களையாவது மண்ணாக, புல்லாக, ஜல்லியாக விடுங்கள்.

இன்டர்லாக் கல் போடுவதானால், இறுக்கிய ஜல்லியின் மேல் மணல் பரப்பி அதன் மேல் அடுக்குங்கள். இடுக்குகளில் மணல்தான் நிரப்ப வேண்டும். ‘உறுதியாக இருக்கும்’ என்று சிமெண்ட் பாலை ஊற்றி இடுக்கை அடைத்தால், அந்தக் கல்லுக்கும் காங்கிரீட்டுக்கும் வித்தியாசமே இல்லை. நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர், கார் ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கனம் வேண்டும்.

வாசலில் வேம்போ நாவலோ இருந்தால், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணைத் திறந்து வையுங்கள். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களுக்காக இட்ட உத்தரவே இதுதான். மரம் பிழைக்கும், மழைநீர் இறங்க ஒரு வாயும் கிடைக்கும்.

மாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விடாதீர்கள்

டெல்லியில் கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனிக் கால்வாய் என்பதுதான் ஏற்பாடு. அருகில் இருக்கிறது என்பதற்காக மாடிக் குழாயைச் சாக்கடை மூடியில் இணைத்துவிடுகிறார்கள். பெருமழையில் அது நிரம்பி, தரைத்தளத்துக் கழிவறை வழியாக மேலே பொங்கும். அந்த நாற்றத்தையும் நோயையும் அனுபவிப்பது பெரும்பாலும் கீழ்வீட்டு முதியவர்கள்தான். புதுப்பிக்கும்போது இந்த இணைப்பை முதலில் பிரித்துவிடுங்கள். தரைத்தளக் கழிவுக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் பொருத்துங்கள்.

மாடித் தண்ணீருக்கு உரிய இடம் உறிஞ்சுகுழி. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு, அங்கே மழைநீர் சேகரிப்பு கட்டாயமான 2003-இலிருந்தே இது பழக்கம். ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மூன்று மீட்டர் ஆழம். அடியில் பெரிய கற்கள், நடுவில் கூழாங்கல், மேலே பெருமணல். அஸ்திவாரத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும் இடமென்றால் குழி வேலை செய்யாது. தோண்டுமுன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். கார் கழுவிய தண்ணீரை அதில் விடவே கூடாது.

ரேம்ப்பும் அடித்தளமும்

கார் ஏற்றும் சாய்தளத்தைத் தெருக் கால்வாயின் மேலேயே கட்டிவிட்டால், அண்டை வீட்டார் அனைவரின் தண்ணீருக்கும் நாம் அணை போட்டதாகும். கால்வாயின் மேல் தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடி போட்டு, அதன் மேல் வண்டி போகட்டும்.

கீழே இறங்கும் சாய்தளம் இருந்தால், வாசலில் சாலையைவிட உயரமாக ஒரு மேடு வைத்து, அதைத் தாண்டித்தான் கீழிறங்க வேண்டும். இறங்கும் முடிவில் குறுக்காக ஒரு கால்வாய், அதிலிருந்து தொட்டி, தொட்டிக்கு மோட்டார். 2024 ஜூலை 27 அன்று ஓல்ட் ராஜேந்தர் நகரில் அடித்தளத்துக்குள் புகுந்த மழைநீரில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அடித்தளத்தில் யாரையும் படிக்கவோ படுக்கவோ விடாதீர்கள்.

சரிவான மனை வைத்திருப்பவர்களுக்கு

ஓய்வுக்குப் பிறகு குன்னூர், கொடைக்கானல் பக்கம் பெரிய மனை வாங்கிய டெல்லித் தமிழர்கள் உண்டு. அங்கே வேலை நேர்மாறு: ஓடுகிற தண்ணீரை மெதுவாக்க வேண்டும். மனையின் மேல் எல்லையிலேயே குறுக்குக் கால்வாய் வெட்டி, மேலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஒரே உயரச் சுவருக்குப் பதிலாகச் சிறு சிறு படித்தளங்களாகப் பிரியுங்கள். தாங்குசுவர் பெரும்பாலும் விழுவது மண்ணின் கனத்தோடு பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமும் சேர்வதால்தான். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் வடிதுளைகள் விடுவது கட்டாயம். விளிம்புகளில் வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் மூன்று மீட்டர் வரைகூட இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

மே, ஜூனில் செய்ய வேண்டியவை

டெல்லியில் பருவமழை ஜூன் கடைசியில் தொடங்கும். அதற்கு முன் அடிக்கும் புழுதிப் புயல் மாடிக் குழாய் வாயெல்லாம் இலையும் மண்ணுமாக அடைத்துவிடும். புயல் ஒவ்வொன்றும் ஓய்ந்த பிறகு மாடியைக் கூட்டுங்கள். உறிஞ்சுகுழியின் மேல்மணலை எடுத்து அலசிப் போடுங்கள். கால்வாய்த் தொட்டிகளில் தண்ணீர் ஒரு வாரம் நின்றாலே டெங்கு கொசு பெருகும்; அடியில் துளையிட்டு வடியவிடுங்கள்.

முதல் நல்ல மழையில் குடையோடு வெளியே நின்று பாருங்கள். மழை விட்டதும் தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறியுங்கள். மிஸ்திரியைக் கூப்பிடும்போது அந்தக் குறிகளைக் காட்டினால் போதும், எங்கே பெயர்த்துப் போட வேண்டும் என்று அவருக்கே புரியும்.

வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், தண்ணீர் எந்த வழியாக வெளியேறும், எவ்வளவு உங்கள் மண்ணிலேயே இறங்கும் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். அதை மிஸ்திரியிடம் கொடுத்து, அவர் சரி என்ற பிறகு பணம் கொடுங்கள். தெருவில் பத்து வீடுகள் இப்படிச் செய்தால், அந்தத் தெருவில் தேங்கும் தண்ணீர் கண்கூடாகக் குறையும்.