ஹீட் பம்ப் வாங்கலாமா? முதல்ல பக்கெட்டை எண்ணுங்க, அப்புறம் இ.பி. கார்டைப் பாருங்க

வெளிநாட்டு வீடியோக்கள்ல ஹீட் பம்ப்னா வீட்டையே சூடாக்குற மெஷின். கோயம்புத்தூர்ல நமக்கு அது தேவையில்லை. இங்க நாம பேசப் போறது குளிக்க சுடுதண்ணி போடுற ஹீட் பம்ப் பத்தி. "கீசரை விட கரண்ட் மூணுல ஒரு பங்குதான்"னு கடையில சொல்லுவாங்க. அது உண்மைதான். ஆனா உங்களுக்கு லாபமாங்கிறது வேற கேள்வி.

எப்படி மிச்சமாகுது?

கீசர் கரண்ட்டை நேரா சூடா மாத்துது. ஹீட் பம்ப், ஃப்ரிட்ஜை திருப்பி வெச்ச மாதிரி: காத்துல இருக்குற சூட்டை எடுத்து தண்ணிக்குள்ள தள்ளுது. காத்து எவ்வளவு சூடா இருக்கோ அவ்வளவு நல்லா வேலை செய்யும். அதனால ஊட்டியை விட கோவை, திருப்பூர், ஈரோட்டுக்கு இது நல்லாவே பொருந்தும்.

இப்போ கணக்கு

நாலு பேர், ஆளுக்கு 25 லிட்டர், மொத்தம் 100 லிட்டர். 25 டிகிரியில இருந்து 45 டிகிரிக்கு ஏத்த கீசருக்கு சுமார் 2.4 யூனிட் ஆகும். ஹீட் பம்ப்புக்கு 0.8. ஒரு நாளைக்கு 1.6 யூனிட் மிச்சம், ரெண்டு மாச பில்லுல 96 யூனிட்.

இந்த 96 யூனிட்டோட மதிப்பு உங்க ஸ்லாபைப் பொறுத்தது. பில் 400 யூனிட்டுக்குள்ள நின்னா, மிச்சமாகுற யூனிட் ஒவ்வொண்ணும் 5 ரூபாய்க்கும் கம்மி. 500-ஐ தாண்டினா 8 ரூபாய்க்கு மேல.

கீசரை விட ஹீட் பம்ப் 60,000 ரூபாய் அதிகம்னு வெச்சுக்குவோம்.

- 5 ரூபாய் கணக்குல: வருஷ மிச்சம் சுமார் 2,900. போட்ட காசு திரும்ப 20 வருஷம்.
- 8 ரூபாய் கணக்குல: வருஷத்துக்கு சுமார் 4,600. அப்பவும் 13 வருஷம்.
- 12 பேர் கூட்டுக் குடும்பம், தினம் 300 லிட்டர், 8 ரூபாய், விலை வித்தியாசம் 80,000: வருஷத்துக்கு சுமார் 13,800. ஆறு வருஷத்துக்குள்ள திரும்பிடும்.

இதுவும் வருஷம் பூரா தினமும் சுடுதண்ணி போட்டா மட்டும்தான். மார்கழி, தையில மட்டும் கீசர் போடுறவங்களுக்கு இந்த மிச்சம் பாதிகூட வராது. ஈ.எம்.ஐ.ல வாங்கினா வட்டியையும் சேர்த்துக்கோங்க.

கணக்கு சரியா வந்தா, எந்த டைப்?

*ஒரே யூனிட்:* டேங்க் மேலேயே கம்ப்ரஸர். மாட்டுறது சுலபம். ஆனா காத்தோட்டம் வேணும். மூடின பாத்ரூம் பரண் மேல வெச்சா வேலைக்கு ஆகாது. பால்கனி, மொட்டைமாடி, பின்பக்க வாசல் சரி.

*ஸ்பிளிட்:* ஏ.சி. மாதிரி ஒரு பெட்டி வெளிய, டேங்க் உள்ள. சத்தம் வெளியவே நின்னுடும். பொருத்துற செலவு கூடும், கழட்டி மாட்டுறது கஷ்டம்.

எதுவானாலும் இந்த மூணையும் கேளுங்க:

1. ஹீட் பம்ப் மெதுவாத்தான் சூடாக்கும். காலையில எல்லாரும் குளிக்கிற அளவுக்கு டேங்க் இருக்கா?
2. உள்ள இருக்குற பேக்கப் ஹீட்டரை ஆஃப் பண்ண முடியுமா? அது ஓடிட்டே இருந்தா நீங்க வாங்கினது விலை அதிகமான கீசர்தான்.
3. வீட்டுக்கு சிறுவாணித் தண்ணியா, போர் உப்புத்தண்ணியா? போர்னா உள்ள உப்பு படியும். டேங்க்குக்கு எத்தனை வருஷம் வாரண்டி, சர்வீஸுக்கு எவ்வளவு?

யாருக்கு எது?

வாடகை வீட்டுல இருக்கீங்களா? சின்ன கீசர் போதும். குளிக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடி போட்டு, முடிச்சதும் ஆஃப் பண்ணுங்க. கீசர்ல இருக்குற ஸ்டார், தேங்கி நிக்கிற தண்ணியில வீணாகுற சூட்டைப் பத்திதான் சொல்லுது. 5 ஸ்டார்னா சூடாக்குற செலவு பாதியாகாது.

சொந்த வீடு, வெயில் படுற மொட்டைமாடி இருந்தா, முதல்ல சோலார் ஹீட்டர் விலையையும் கேட்டுட்டு ஒப்பிடுங்க. பெரிய குடும்பம், 500 யூனிட்டுக்கு மேல பில், மாடியில சோலாருக்கு இடமில்லை, இந்த மூணும் சேர்ந்தா ஹீட் பம்ப் உங்களுக்கானது.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி கடைசி ஆறு இ.பி. பில்லையும் எடுத்து வெச்சுக்கிட்டு, மேல இருக்குற கணக்குல உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. ஏழு, எட்டு வருஷத்துக்கு மேல வந்தா, அந்தக் காசை ஆர்.டி.யில போடுறதே நல்லது.