ரோட்டா வைரஸ்: எண்ணி வைப்பதால் என்ன பயன்?

சென்ற ஆண்டு என் தம்பிக்குப் பதினொரு மாதம் நிரம்பியிருந்த வேளை, ஓர் இரவு வாந்தி தொடங்கியது. விடிவதற்குள் தண்ணீராக வயிற்றோட்டம். "குடிக்கிறதெல்லாம் வெளியிலதானே போகுது, கொஞ்சம் நிப்பாட்டிப் பாருங்க" என்றார் உம்மும்மா. நானோ ஜீவனிப் பைக்கற்றில் பாதியை ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். இரண்டுமே பிழை என்பது வைத்தியசாலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்போது தம்பி அழுதும் அவன் கண்ணில் நீர் வரவில்லை.

உம்மாவும் தம்பியும் சிறுவர் விடுதியில் மூன்று நாட்கள் இருந்தார்கள். பார்க்க வந்த ஒருவர், "பால் போத்தல ஒழுங்காக் கழுவல்லியா?" என்று கேட்டார். உம்மா பதில் சொல்லவில்லை. "இது பெரும்பாலும் ரோட்டா வைரஸாக இருக்கும்" என்றார் வைத்தியர்.

"எந்த வகை என்று சோதிக்க மாட்டீங்களா டொக்டர்?" என்று கேட்டேன்.

"சோதித்தாலும் சிகிச்சை மாறாது மகள். இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் மருந்து."

அப்படியானால், உலகின் பல வைத்தியசாலைகளில் இதே நோயுடன் வரும் பிள்ளைகளின் மலத்தைச் சேகரித்து, வைரஸின் வகையை ஆண்டுதோறும் ஏன் பதிந்து வைக்கிறார்கள்? உயர்தர உயிரியல் மாணவியான எனக்கு இந்தக் கேள்வி விடவில்லை. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சக்கர வடிவ வைரஸ்

1973 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ரூத் பிஷப் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும், வயிற்றோட்டத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் சிறுகுடல் இழையத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது இவ்வைரஸைக் கண்டனர். அது சக்கரம் போலத் தோன்றியது. இலத்தீன் மொழியில் 'ரோட்டா' என்றால் சக்கரம்.

மெல்பேர்ண் வசதியான நகரம். தூய குடிநீர் உள்ள இடம். அங்கும் பிள்ளைகள் இதனால் வைத்தியசாலைக்கு வந்தார்கள். தடுப்பூசி வருவதற்கு முன், உலகின் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது இத்தொற்று ஏற்பட்டது. கை கழுவுவதும் போத்தலைச் சுத்தமாக வைப்பதும் அவசியம். ஆனால் அவை மட்டும் இவ்வைரஸைத் தடுக்கப் போதா. இந்தப் பகுதியை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

பெயரில் உள்ள இரண்டு இலக்கங்கள்

வைரஸின் வெளியுறையில் இரண்டு புரதங்கள் உள்ளன. ஒன்றைக் கொண்டு 'ஜி' இலக்கமும் மற்றதைக் கொண்டு 'பி' இலக்கமும் இடப்படுகின்றன. ஜி1பி8, ஜி2பி4, ஜி3பி8, ஜி9பி8 என்பன அடிக்கடி காணப்படும் வகைகளுள் சில.

இவ்வைரஸின் பரம்பரைத் தகவல் 11 தனித்தனி ஆர்.என்.ஏ. துண்டுகளில் இருக்கிறது. இரண்டு மாணவிகளின் புத்தகப் பைகள் ஒன்றாகக் கொட்டுண்டதாக நினையுங்கள். திரும்ப அடுக்கும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புத்தகம் சரியாக இருக்கும்; ஆனால் சிலவற்றில் தோழியின் பெயர் எழுதியிருக்கும். ஒரே கலத்தினுள் இரண்டு ரோட்டா வகைகள் புகுந்தால் இதுவே நடக்கிறது. இவ்வாறு புதிய சேர்க்கைகள் பிறக்கின்றன. அதனால்தான் ஒருமுறை எண்ணிவிட்டு நிறுத்த முடியாது.

விடுதியிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

கண்காணிப்பு நடக்கும் வைத்தியசாலைகளில், கடும் வயிற்றோட்டத்துடன் அனுமதிக்கப்படும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மல மாதிரி, இயன்றவரை 48 மணித்தியாலத்துக்குள் எடுக்கப்படும். வயது, திகதி, நோயின் கடுமை, தடுப்பூசி பெற்ற விபரம் ஆகியன பதியப்படும். எலைசா சோதனை ரோட்டா உண்டா இல்லையா என்று சொல்லும். உண்டு என்றால், ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். முறையில் ஜி, பி இலக்கங்களைக் கண்டறிவார்கள்.

எண்ணியதால் தெரிந்தவை

அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் 2006 இல் ரோட்டாரிக்ஸ் தடுப்பூசி அறிமுகமானது. அது ஜி1பி8 வகையிலிருந்து செய்யப்பட்டது. 2007 இல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஜி9பி8 பரவியபோது தடுப்பூசி நன்றாகக் காத்தது. 2009 இல் அதே பகுதியில் ஜி2பி4 பரவியது. இந்த வகையின் இரண்டு இலக்கங்களுமே தடுப்பூசியோடு பொருந்தாதவை. பாதுகாப்பும் மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் பிரேசிலில் அதே தடுப்பூசி ஜி2பி4 இற்கு எதிராகவும் பயன் தந்தது. ஆகவே இலக்கம் பொருந்துவது மட்டுமே விடயமல்ல. வகையைப் பதிந்திருக்காவிட்டால் இந்த வேறுபாட்டை எவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று டில்லியில் நடந்தது. 1980களில் அங்குள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தில், பிறந்து சில நாட்களேயான சிசுக்களிடம் ரோட்டா காணப்பட்டது. ஆனால் அவர்களுக்கு நோய் இல்லை. '116ஈ' எனப் பெயரிடப்பட்ட அந்த வைரஸ் ஜி9பி11 வகை. மனித வைரஸின் பைக்குள் மாட்டு வைரஸின் புத்தகம் ஒன்று இயற்கையாகவே கலந்திருந்தது! அதிலிருந்து ரோட்டாவக் தடுப்பூசி உருவானது. டில்லி, பூனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகள் பங்கேற்ற ஆய்வில், கடுமையான ரோட்டா வயிற்றோட்டம் பாதிக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. 2016 இல் இந்தியா அதைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. நோயில்லாத சிசுவின் மாதிரியையும் அக்கறையோடு ஆராய்ந்ததன் பலன் இது.

வைத்தியர் சொன்னது சரி. என் தம்பியின் சிகிச்சைக்கு அந்த இலக்கம் தேவைப்படவில்லை. அது அவனுக்குப் பின் வரும் பிள்ளைகளுக்குத் தேவை. எங்கேனும் உங்கள் பிள்ளையின் மாதிரியை இத்தகைய பதிவுக்காகக் கேட்டால், "இதனால் எங்களுக்கு என்ன?" என்று தட்டிக்கழித்துவிடாதீர்கள்.

வீட்டில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருக்க ஒரு வார்த்தை. ஜீவனிப் பைக்கற் முழுவதையும், அதில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரையுங்கள். செறிவு கூடினால் தீங்கு. குறைந்தால் பயன் குறைவு. 24 மணித்தியாலத்துக்குப் பின் மீதியை ஊற்றிவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தால், கண்ணீரோ சிறுநீரோ குறைந்தால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தம்பி இப்போது வீடெங்கும் ஓடித் திரிகிறான். ஜீவனி கரைக்கும் அளவை உம்மும்மாவும் இப்போது பிழையின்றிச் சொல்வார்.