நிரலுக்கும் வேண்டும் சிவப்பு மை

தமிழ்ப்பள்ளியில் பயின்ற எவரும் ஆசிரியரின் சிவப்பு மையை மறந்திருக்க முடியாது. நான்காம் ஆண்டில் எங்களுக்குத் தமிழ் போதித்த ஆசிரியை, கட்டுரைகளைத் திருத்துவதில் ஒரு முறையைக் கையாண்டார். முதல் சில வாரங்களுக்கு லகர, ளகர, ழகரப் பிழைகளுக்கு மட்டும் வட்டமிடுவார். அவை குறைந்த பிறகே ஒற்றுப் பிழைகளுக்கு வருவார். மற்ற பிழைகள் அவர் கண்ணில் படவில்லை என்று நாங்கள் மகிழ்ந்ததுண்டு. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது பல்கலைக்கழகத்தில் கணினித்துறை மாணவியான பிறகுதான் எனக்கு விளங்கியது.

இக்கட்டுரை, நிரலில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டும் கருவிகளைப் பற்றியது. குறிப்பாக, அக்கருவிகளுக்கு நாம் எழுதித் தரவேண்டிய அமைப்புக் கோப்பைப் பற்றியது. கணினித்துறை சாராத நண்பர்களும் தொடர்ந்து படிக்கலாம். குழுவாக ஒரு வேலையைச் செய்த எவருக்கும் இதில் பழகிய செய்தி ஒன்று உண்டு.

லிண்ட் என்றால் என்ன?

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களைச் சோதிக்க ஒரு கருவியை உருவாக்கி அதற்கு ‘லிண்ட்’ என்று பெயரிட்டார். துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. நிரலை இயக்காமலேயே, எழுதப்பட்டதை மட்டும் வாசித்து ஐயத்திற்குரிய இடங்களைக் காட்டுவதே இதன் பணியாகும்.

பின்னர் மற்ற நிரல்மொழிகளுக்கும் இத்தகைய கருவிகள் தோன்றின. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2013இல் நிக்கலஸ் ஸகாஸ் தொடங்கிய ஈஎஸ்லிண்ட் உள்ளது. பைத்தானுக்குப் பைலிண்ட், ஃபிளேக்8, ரஃப் எனப் பல உள்ளன. நாங்கள் பயன்படுத்திய ஃபிளேக்8ஐ இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஃபிளேக்8 ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண் தருகிறது. ‘ஈ’, ‘டபிள்யூ’ எனத் தொடங்குபவை பெரும்பாலும் எழுத்து நடையைச் சார்ந்தவை. 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்னும் பைத்தான் நடை வழிகாட்டியை ஒட்டி அவை அமைந்துள்ளன. ‘எஃப்’ எனத் தொடங்குபவை நிரலின் பொருளைச் சார்ந்தவை. எடுத்துக்காட்டாக, எஃப்401 என்றால் கொண்டுவந்த ஒன்றைப் பயன்படுத்தவே இல்லை என்று பொருள். எஃப்821 என்றால் எங்கும் வரையறுக்கப்படாத பெயர் ஒன்று நிரலில் இருக்கிறது என்று பொருள்.

நாங்கள் செய்த தவறு

கடந்த ஆண்டு நாங்கள் நால்வர் சேர்ந்து, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காகச் சொல் விளையாட்டு ஒன்றைப் பைத்தானில் உருவாக்கினோம். பள்ளிக்குக் கொண்டுசெல்வதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, நண்பர்களிடம் கேட்காமல் நானே ஃபிளேக்8ஐ நிறுவி இயக்கினேன். அமைப்புக் கோப்பு எதையும் எழுதவில்லை. எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் திரையில் ஓடின.

அவற்றுள் பெரும்பகுதி நாங்கள் எழுதாத நிரலைப் பற்றியது. பிறருடைய நிரல் தொகுப்புகளை நிறுவி வைத்திருந்த ‘வென்வ்’ என்னும் கோப்புறையையும் கருவி வாசித்துவிட்டது. எஞ்சியவற்றுள் மிகுதியானது ஈ501, அதாவது வரி நீளம் 79 எழுத்துகளைத் தாண்டிவிட்டது என்னும் குறை. இதற்குத் தமிழும் ஒரு காரணம். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு முறையிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். கருவி எண்ணுவது குறியீடுகளை. ஆகவே, எங்கள் கேள்வித் தொகுப்பில் நமக்குச் சிறியதாகத் தெரியும் வரிகள்கூட அதற்கு நீளமாகிவிட்டன.

“அது கத்திக்கொண்டேதான் இருக்கும், விட்டுவிடுங்கள்” என்று நண்பர்களிடம் சொன்னவளும் நானே.

பள்ளியில் விளையாட்டு நன்றாகவே நடந்தது. பிறகு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி பத்துக் கேள்விகளுக்கும் சரியாக விடையளித்தாள். முழுப் புள்ளி பெற்றவருக்கு வாழ்த்துச் சொல்லும் வரியில், புள்ளியைக் குறிக்கும் பெயரை ஓர் எழுத்து விட்டுத் தட்டச்சு செய்திருந்தோம். பைத்தான் அத்தகைய பெயரை அந்த வரி இயங்கும்போதுதான் தேடும். சோதித்த நாள்களில் அவசரத்தில் நாங்கள் யாரும் முழுப் புள்ளி எடுத்ததே இல்லை. விளையாட்டு நின்றுபோய், திரையில் ஆங்கிலத்தில் பிழைச் செய்தி தோன்றியது. அச்சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்து, “அக்கா, நான் ஏதும் தப்பா அமுக்கிட்டேனா?” என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவள் அவள் ஒருத்திதான். அன்றிரவு பழைய பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே எஃப்821 ஒரு வாரமாக அங்கேயே இருந்தது. கருவி சொல்லத்தான் செய்தது. கேட்க முடியாதபடி அதை ஓயாமல் பேசவிட்டது நான்தான்.

அமைப்புக் கோப்பை எழுதும் முறை

மறுவாரம் நால்வரும் அமர்ந்து கோப்பை எழுதினோம். திட்டத்தின் முதன்மைக் கோப்புறையில், முன்னால் ஒரு புள்ளி வைத்து ஃபிளேக்8 என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்க வேண்டும். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் கருவியின் பெயர். அதன்கீழ் வரிக்கு ஒரு விதி. நாங்கள் பின்பற்றிய படிகள் இவை:

1. நம்முடையது அல்லாததை விலக்குதல். ‘எக்ஸ்டெண்ட்-எக்ஸ்க்ளூட்’ என்னும் விதியில் ‘வென்வ்’ கோப்புறையைக் குறிப்பிட்டோம். அது கருவியின் இயல்பான விலக்குப் பட்டியலில் இல்லை.

2. பெரிய பிழைகளில் தொடங்குதல். ‘செலக்ட்’ விதியில் ஈ9, எஃப் ஆகிய இரண்டை மட்டும் கொடுத்தோம். ஈ9 என்பது நிரலை வாசிக்கவே முடியாத இலக்கணப் பிழைகளை உள்ளடக்கியது. எச்சரிக்கைகள் ஒரு திரைக்குள் அடங்கின. அனைத்தையும் ஒரே மாலையில் திருத்தினோம்.

3. நடை விதிகளைப் பேசி முடிவு செய்தல். பிழைகள் தீர்ந்ததும் ‘செலக்ட்’ வரியை நீக்கினோம். கருவியின் இயல்பான விதிகள் நடைமுறைக்கு வந்தன. வரி நீளத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. குழு உடன்பட்டால் 99 வரை செல்லலாம் என்று பெப் 8 இடமளிக்கிறது. சிறிய மடிக்கணினி வைத்திருந்த நண்பருக்கு அது வசதிப்படவில்லை. இறுதியில் ‘மேக்ஸ்-லைன்-லெங்த்’ விதியில் 90 என எழுதினோம்.

4. விலக்கு தேவையான இடத்தில் மட்டும் தருதல். ‘பெர்-ஃபைல்-இக்னோர்ஸ்’ விதியின் மூலம், தமிழ்க் கேள்வித் தொகுப்புக் கோப்புக்கு மட்டும் ஈ501ஐ நீக்கினோம். மற்ற கோப்புகளில் அது தொடர்கிறது.

5. ‘இக்னோர்’ விதியில் கவனமாக இருத்தல். ஒரு விதி வேண்டாம் என்றால் ‘எக்ஸ்டெண்ட்-இக்னோர்’ என்று எழுதுவதே நலம். வெறும் ‘இக்னோர்’ என்று எழுதினால், கருவி இயல்பாக ஒதுக்கி வைத்திருக்கும் விதிகள் உயிர்பெற்றுவிடும். அவற்றுள் டபிள்யூ503, கூட்டல் போன்ற குறிக்கு முன் வரியை முறிப்பது தவறு என்னும். டபிள்யூ504, குறிக்குப் பின் முறிப்பது தவறு என்னும். இரண்டும் சேர்ந்தால் எப்படி முறித்தாலும் குறைதான்.

கோப்பை எழுதிய பிறகு அதையும் நிரலோடு கிட் களஞ்சியத்தில் சேர்த்தோம். இதனால் நால்வருக்கும் ஒரே விதிகள் கிடைத்தன. குறை இருந்தால் ஃபிளேக்8 தோல்விக் குறியீட்டுடன் முடியும். ஆகவே, பிழையுள்ள நிரல் களஞ்சியத்தில் பதிவாகாமல் தடுக்கவும் கிட்டில் ஏற்பாடு செய்துகொண்டோம்.

நிறைவாக

விதிகள் குறைவாக இருப்பது சோம்பல் என்று முன்பு எண்ணியிருந்தேன். திருத்தப்படுபவரால் எத்தனை பிழைகளை ஒரு நேரத்தில் காண முடியும் என்பதை அறிந்துதான் எங்கள் ஆசிரியை அவ்வாறு வட்டமிட்டார் என்பது இப்போது புரிகிறது. நண்பர்களைக் கேட்காமல் நான் கொண்டுவந்த கருவியை யாரும் மதிக்கவில்லை. நால்வரும் பேசி எழுதிய விதிகளை நால்வரும் காத்தோம்.

அடுத்த மாதம் திருத்திய விளையாட்டுடன் அதே பள்ளிக்குச் சென்றோம். அந்த மாணவி அன்று பள்ளிக்கு வரவில்லை. வேறு இருவர் முழுப் புள்ளி பெற்றனர். வாழ்த்துச் செய்தி தமிழில் அழகாகத் தோன்றியது. அதை அவளும் பார்த்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே, குழுத் திட்டம் தொடங்கவிருக்கும் தம்பி தங்கைகளே, முதல் வாரத்திலேயே ஒன்றாக அமர்ந்து அமைப்புக் கோப்பை எழுதிவிடுங்கள். ஐந்தாறு வரிகள் போதும். இறுதி வாரம் வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள்.