ரசீதைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பாதீர்கள்

ஆத்தூரில் நாற்பது வருஷமாக வருமான வரிக் கணக்கு எழுதுகிறேன். பிரிந்துபோன பின் முதல்முறை தனியாகக் கணக்குக் கொடுக்க வரும் இளம் அப்பா, அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: “பிள்ளையை யார் கணக்கில் காட்டுவது?” அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னதை இங்கே பொருத்தாதீர்கள். அங்கே பிள்ளையையே ஒருவர் கணக்கில் காட்டலாம். நம் சட்டத்தில் பிள்ளைக்காகக் கட்டிய பணத்தைத்தான் காட்ட முடியும்.

2. கட்டியவருக்கே கழிவு. பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது இதில் கணக்கில் வராது. பள்ளி ரசீதில் ட்யூஷன் ஃபீஸ் மட்டும் 80சி எனப்படும் கழிவில் சேரும். வேன், ஹாஸ்டல், டொனேஷன் சேராது. முதல் டேர்ம் அப்பா, அடுத்த டேர்ம் அம்மா கட்டினால் அவரவர் கட்டியதை அவரவர் காட்டலாம். ஒரே ரசீதை இருவரும் முழுசாகக் காட்டுவது தப்பு.

3. முதலில் எந்த முறை என்று பாருங்கள். புதிய வரி முறையில் இந்தக் கழிவே இல்லை. பழைய முறையில்தான் மற்ற சேமிப்புகளோடு சேர்த்து 1.5 லட்சம் வரை உண்டு. சம்பளக்காரர் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். புதிய முறை என்று முடிவானால், ரசீதுக்காகச் சண்டை போடுவது வீண்.

4. ஜீவனாம்சம் கொடுப்பவருக்கு அதற்காக வரிக்கழிவு கிடையாது. அதற்காக, அம்மா கையில் கொடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு இருக்க, நீங்களாகப் பள்ளியில் கட்டிவிட்டு அதை ஜீவனாம்சத்தில் கழித்துக்கொள்ளாதீர்கள். வக்கீலை வைத்து எழுத்தில் மாற்றிக்கொண்ட பிறகு செய்யுங்கள்.

5. பிள்ளை பெயரில் டெபாசிட் இருந்தால் கவனம். விவாகரத்து ஆகிவிட்டால், அந்த வட்டி பிள்ளையை அந்த வருஷம் பராமரித்தவர் வருமானத்தில் சேரும். தீர்ப்பு வராமல் பிரிந்து மட்டும் இருந்தால், இருவரில் வருமானம் அதிகமுள்ளவரிடம் சேரும். பலர் தவறுவது இங்கேதான்.

6. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு ஒரே கணக்குதான். அப்பா ஆத்தூரிலும் அம்மா தலைவாசலிலும் போட்டிக்குத் திறக்கக் கூடாது.

7. அம்மாக்களே, பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். மகன் பெயரில் பத்திரம் வாங்கக் கீதா ஹரிஹரன் என்ற அம்மா போட்ட கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. அவர் தொடுத்த வழக்கில், பிள்ளையின் பொறுப்பு அப்பாவிடம் இல்லாத நிலையில் அம்மாவே இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனித்து வளர்க்கும் அம்மா, தன் பெயரை மட்டும் கொடுத்தே பிள்ளைக்குப் பான் கார்டு வாங்க 2018 டிசம்பர் முதல் வழி இருக்கிறது.

8. கடைசியாக ஒன்று. ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி என் மேசை முன்னால் நின்று ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். காம்பஸுக்கு அடியில் நாலாக மடித்த பள்ளி ரசீது. “ஒரிஜினல் அப்பாவுக்கு, ஜெராக்ஸ் அம்மாவுக்கா தாத்தா? மாத்திக் கொடுத்தா திட்டுவாங்க” என்றாள். அன்று எனக்கு வேலை ஓடவில்லை. பள்ளி ஆபீஸில் நீங்களே போய் ரசீது கேளுங்கள். பேச்சுவார்த்தை இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள். பிள்ளையின் பையில் புத்தகம் மட்டும் இருக்கட்டும்.