கடைக் கணனியும் கூகுள் விளையாட்டும்: பூட்டு எதுவரை காக்கும்?



வேலைக்கென்று வாங்கிய கணனி விளையாட்டுக்குப் போகாமல் பார்த்துக் கொள்வது எப்படி? கடையில் கணனி வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள கவலை இது. இவ்வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம். சிறிய விடயம்தான். ஆனால் இதற்குள் நமது வியாபாரத்தையே பாதிக்கும் ஒரு பெரிய விடயமும் இருக்கிறது.

காத்தான்குடியில் உள்ள எனது ஹாட்வெயார் கடையில் பில் போடவும் இருப்புப் பதியவும் ஒரு கணனி உண்டு. இணைய இணைப்பு எடுத்தபோது, கணனி திருத்தும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு விளையாட்டுத் தளங்களை எல்லாம் ரவுட்டரிலேயே தடுக்கச் சொன்னேன். அவரும் ஒரு பட்டியல் போட்டுத் தடுத்தார். இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கணக்குப் பார்க்கும் எனது சகோதரியின் மகன் திரையில் பாம்பு ஓட்டிக் கொண்டிருக்கிறான். பி.வி.சி. குழாய் வாங்கிய ஒருவர் பில்லுக்காகக் காத்து நிற்கிறார்.

"என்ன மனே இது? கேம் எல்லாம் பூட்டித்தானே கிடக்கு?"

"இது கேம் சைட் இல்ல மாமா, கூகுள்தான். நீங்க கூகுளப் பூட்டல்லியே."

கோபத்தில் கூகுளையும் பூட்டச் சொன்னேன். மறுநாள் காலையில் ஒருவர் பழைய தண்ணீர் மோட்டாரின் பாக இலக்கத்தோடு வந்தார். தேடிப் பார்க்க வழியில்லை. கொழும்பிலிருந்து வர வேண்டிய விலைப்பட்டியல் ஜிமெயிலில் கிடந்தது. அதுவும் திறக்கவில்லை. பகலாகு முன்னர் நானே அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி, பூட்டைக் கழற்றச் சொன்னேன்.

ஏன் விளையாட்டை மட்டும் பூட்ட முடியவில்லை? காரணம் இதுதான். இன்றைய இணையத்தளங்கள் பெரும்பாலும் மறைகுறியாக்கப்பட்டவை. ஒட்டிய கடித உறையைப் போல, ரவுட்டருக்கு வெளியில் எழுதியுள்ள முகவரி மட்டுமே தெரியும். உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது. கூகுளில் மோட்டாரின் விலையைத் தேடினாலும் பாம்பு விளையாடினாலும் உறையின் மேல் இருப்பது ஒரே பெயர்தான். ஆகவே தடுத்தால் இரண்டையும் தடுக்க வேண்டும், விட்டால் இரண்டையும் விட வேண்டும்.

கூகுள் இப்படி விளையாட்டுக்களை வைப்பது புதிதல்ல. 2010 மே 21 அன்று, பக்மேன் விளையாட்டு வந்து 30 வருடம் ஆனதற்காக, முகப்புப் பக்கத்தில் உள்ள தனது பெயரையே விளையாட்டாக்கியது. அதனால் உலகெங்கும் சுமார் 48 இலட்சம் மணித்தியாலங்கள் கழிந்ததாக, நேரக் கணக்கு மென்பொருள் செய்யும் ரெஸ்கியூடைம் நிறுவனம் மதிப்பிட்டது. ஆனால் அதே மதிப்பீட்டின்படி ஓர் ஆள் சராசரியாகக் கூடுதலாகச் செலவிட்டது 36 செக்கன்கள்தான். 2016 இல் சொலிட்டயர் சீட்டாட்டமும் புள்ளடி வட்டமும் தேடல் பக்கத்துக்கு வந்தன.

இணைப்பே இல்லாதபோதும் ஒரு விளையாட்டு உண்டு. 2014 இல் குரோமுக்குள் வைக்கப்பட்ட டைனோசர் அது. லைன் அறுந்தால் திரையில் வரும். ஸ்பேஸ் பொத்தானை அழுத்தினால் ஓடும். அது கணனிக்குள்ளேயே இருப்பதால் ரவுட்டர் பூட்டு அதற்கு எட்டாது. பாடசாலைகளும் பெரிய கம்பனிகளும் தமது கணனிகளில் குரோமின் நிர்வாக அமைப்பு மூலம் அதை நிறுத்துவதுண்டு.

இனிப் பெரிய விடயத்துக்கு வருவோம். நான் கடையில் செய்த அதே வேலையை அரசாங்கம் நாடு முழுவதற்கும் செய்தால் என்ன நடக்கும்? நாம் அதை அனுபவித்திருக்கிறோம்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகப் பொய் பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அதற்குள் அம்பாறையில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டு, மார்ச்சில் திகன பக்கமும் கலவரம் மூண்டுவிட்டது. மார்ச் 7 அன்று பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன தடுக்கப்பட்டன. பேஸ்புக் திறந்தது 15 ஆம் திகதி. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு 2019 ஏப்ரல் 21 முதல் 30 வரை மீண்டும் தடை, மே மாதக் கலவரங்களின்போது மறுபடியும் தடை. 2022 ஏப்ரல் 3 அன்று, மக்கள் போராட்டத்தின்போது, சுமார் 15 மணித்தியாலத் தடை.

வதந்தியை நிறுத்தத்தான் பூட்டினோம் என்றார்கள். வதந்தியால் எரிந்தவை நமது கடைகள் என்பதால் அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேஸ்புக்கில் ஒரு பொய்யை மட்டும் பூட்ட அந்தப் பூட்டுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டியது. வி.பி.என். தெரிந்தவர்கள் சுற்றுவழியால் உள்ளே போனார்கள். அதில் நல்லவனும் போனான், வதந்தி பரப்புபவனும் போனான். வழி தெரியாத வியாபாரி வெளியில் நின்றார்.

அந்த மார்ச் மாதத்தில் நானும் வெளியில் நின்றவன்தான். புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் ஓடர் கொடுப்பது, வங்கிச் சீட்டை அனுப்புவது, லொறி வரும் நேரம் கேட்பது எல்லாம் வட்ஸ்அப்பில்தான். சீட்டைப் படம் எடுத்து வைத்துக் கொண்டு அனுப்ப வழியில்லாமல் இருந்தேன். அவரது கடைத் தொலைபேசி இலக்கம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. என்னிடம் இலக்கம்தான் இல்லை. ஏறாவூரில் உள்ள ஒரு நண்பர் மூலம் அதைப் பெற்று ஓடரை உறுதிப்படுத்த மூன்று நாள் சென்றது.

ஆகவே சகோதரர்களே, நான் கற்றுக் கொண்டவை இவை:

1. முக்கியமான வாடிக்கையாளர், மொத்த வியாபாரி, லொறிச் சாரதி ஆகியோரின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

2. ஓடரையும் கொடுப்பனவையும் ஒரே செயலியில் தொங்க விடாதீர்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

3. கடன் கணக்கு வட்ஸ்அப் செய்தியாக மட்டும் இருக்கக் கூடாது. அன்றன்றே பேரேட்டில் ஏற்றுங்கள்.

4. தடைக் காலத்தில் யாரோ அனுப்பிய இலவச வி.பி.என். ஊடாக வங்கி வேலை செய்யாதீர்கள். அதை நடத்துபவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

5. கடைக் கணனியில் ஆபாசத் தளம், சூதாட்டத் தளம் போன்றவற்றைப் பூட்டுங்கள். அவற்றுக்குத் தனி முகவரி இருப்பதால் பூட்டு பயன்படும். விளையாட்டு விடயத்தில் பூட்டை நம்பாமல் ஆளோடு பேசுங்கள்.

மருமகனோடு நானும் பேசினேன். பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை கடையில் சனமில்லை, செய்ய வேலையுமில்லை என்றான். உண்மைதான். அந்த நேரத்தில் இருப்புக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுத்தேன். முதல் வாரத்திலேயே, தீர்ந்துவிட்டதாக நான் நினைத்திருந்த இரண்டு பெட்டி பைப் சொக்கட்டைக் களஞ்சியத்தின் மூலையிலிருந்து எடுத்துத் தந்தான்.

லைன் அறுந்தால் இப்போதும் டைனோசர் ஓடத்தான் செய்கிறது. ஆனால் கவுண்டரில் ஆள் நின்றால் அவனே நிறுத்தி விடுகிறான்.