மேம்பாலம் வந்தாச்சு... நடக்கிறவங்க எங்கே போறது?

"தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொன்னால், தி.நகர், கோடம்பாக்கம் பக்கத்து நோயாளிகள் உடனே கேட்பது: "எங்கே டாக்டர் நடக்கிறது? ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்களே!"

நியாயமான கேள்வி. சென்னையின் முதல் மேம்பாலமான அண்ணா மேம்பாலம் 1973-ல் வந்தது. பிறகு எத்தனையோ பாலங்கள். அப்புறம் மெட்ரோ ரயில் வேலை. பாதை மாறும்போது வண்டிக்காரர் சுற்றிப் போய்விடுவார். நடப்பவரோ நடையையே விட்டுவிடுகிறார். ஆபத்து அங்கேதான்.

என்னிடம் வரும் 62 வயது அம்மா ஒருவர், தெருமுனையில் தடுப்பு வைத்ததும் நாலு மாசம் வாக்கிங் போகவில்லை. சாப்பாடு, மருந்து எல்லாம் பழையபடிதான். சர்க்கரை மட்டும் ஏறிவிட்டது.

ஆகவே, பாதை மாறினால் நடையை நிறுத்தாதீர்கள். நடக்கும் முறையை மாற்றுங்கள்.

பாலம் இறங்கும் இடம்

மேலிருந்து வண்டி வேகமாக இறங்கும். கீழ்ச்சாலை வண்டியும் அதே இடத்தில் வந்து சேரும். இரண்டையும் ஒரே சமயத்தில் கவனிக்க யாராலும் முடியாது. அங்கே கடக்கவே கூடாது. சற்றுத் தள்ளி சிக்னல் இருந்தால் அங்கே போய்க் கடங்கள்.

சாலையைக் கடக்க நொடிக்கு 1.2 மீட்டர் வேகம் என்று கணக்கு வைப்பது வழக்கம். அதன்படி 15 மீட்டர் சாலைக்குப் பன்னிரண்டரை நொடி போதும். முழங்கால் வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கோ சுமார் 19 நொடி ஆகும்! பச்சை விளக்கு பாதியில் இருக்கும்போது இறங்காதீர்கள். அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள்.

ஏற்றம் மூச்சுக்கு, இறக்கம் மூட்டுக்கு

காலையில் கூட்டமில்லை என்று சில இளைஞர்கள் மேம்பாலத்திலேயே ஓடுகிறார்கள். வேண்டாம் தம்பி! பாலத்தின் உச்சியைத் தாண்டி வரும் டிரைவருக்கு நீங்கள் கடைசி நேரத்தில்தான் தெரிவீர்கள். தவிர, இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. முழங்கால் சிப்பியில் அழுத்தம் கூடுகிறது. வாத உடம்புக்காரர்களுக்கு இது சீக்கிரம் வலியைக் கொண்டுவரும்.

சாலை ஓரம் சாய்வாக இருக்கும். ஒரே பக்கச் சாய்வில் தினமும் ஓடினாலும் இடுப்பு, முழங்கால் வலிக்கலாம். சமதளமே நல்லது.

நடைபாதை உயரம்

நடைபாதைக்கு 1.8 மீட்டராவது அகலம் வேண்டும், ஓர உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். அதைவிட உயரமாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நடைபாதையே இல்லையென்றால் வலப்புற ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள்.

நல்ல மாற்றமும் உண்டு

2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறந்தார்கள். போய்த் திரும்பினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல்! மூட்டுவலிக்காரர்கள் லிஃப்டில் ஏறி, மேலே நடக்கலாம்.

வீட்டுப் பாடம்

* புதுப் பாதையை ஒரு ஞாயிறு காலை துணையோடு நடந்து பாருங்கள். பள்ளம், இருட்டு, கடக்கும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.
* தோண்டும் இடத்தில் தூசு அதிகம். ஆஸ்துமாக்காரர்கள் அடுத்த தெருவைப் பிடியுங்கள்.
* கால் வலித்தால் நொச்சி இலையை வதக்கி, துணியில் கட்டி இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுங்கள். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் இதைச் செய்யக் கூடாது; சூடு பட்டாலும் தெரியாது.
* நடைபாதை உடைந்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள். நாம் கேட்காமல் அது சரியாகாது.